நடு அடுக்கு நடுவுல பொறக்கல!

ஆங், ஃபோகஸ் ஆயிடுச்சு. திரையில செவப்பா தெரியுதே, அது சாயம் ஏத்தின கோழிக் கரு. அடை வச்சு ரெண்டு நாள் முழுசா ஆகல. நடுவுல நீளமா போறது நரம்புக் குழாய், பின்னால மூளையும் தண்டுவடமும் ஆகப்போறது. அதுக்கு ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கின மாதிரி குட்டிக் கட்டிங்க இருக்கு பாருங்க... பத்து, பதினொண்ணு... 13 ஜோடி. பேரு சோமைட், பின்னால முள்ளெலும்பும் தசையும் ஆகப்போறது. கருவுல செல்லுங்க மூணு அடுக்கா பிரியும், ஒடம்பு மொத்தமும் அந்த மூணுலேருந்துதான். அதுல மீசோடெர்ம், அதாங்க நடு அடுக்கு, அதுல உருவான கட்டிங்கதான் இது.

பள்ளிக்கூடத்துல நான் இத தப்பாத்தான் புரிஞ்சு வச்சிருந்தேன். மேல ஒரு அடுக்கு, கீழ ஒரு அடுக்கு, நடுவுல இருந்த சந்துல எதையோ போட்டு ரொப்பிட்டாங்கன்னு. அப்படி இல்லைங்க. கோழியிலயும் சரி, நம்மகிட்டயும் சரி, ஆரம்பத்துல கரு தட்டையா இருக்கும்; மூணு அடுக்கும் அதோட மேல் தட்டு செல்லுங்கதான். அந்தத் தட்டுல ஒரு பள்ளக்கோடு விழும். மனுஷக் கருவுல அது மூணாவது வாரம். செல்லுங்க பக்கத்துல இருக்கிறதோட பிடிய விட்டுட்டு அந்தக் கோடு வழியா உள்ள எறங்குது. அடிவரைக்கும் போனது அக அடுக்கு. பாதியில தங்கினது நடு அடுக்கு. எறங்காம மேலயே நின்னது புற அடுக்கு. மூணும் பங்காளிங்கதான்!

ஜெல்லி மீன், ஹைட்ரா எல்லாம் ரெண்டு அடுக்குலயே காலத்த ஓட்டுது. இதயம் இல்ல, ரத்தம் இல்ல, சிறுநீரகம் இல்ல. நமக்கு அதெல்லாம் நடு அடுக்கு போட்ட சொத்து. ஆனா "எலும்புன்னாலே மீசோடெர்ம்"னு பரீட்சையில எழுதிடாதீங்க. முகத்து எலும்புல பெரும்பகுதி புற அடுக்கு வழியில வந்தது.

சரி, கட்டிக்கு வருவோம். கோழியில 90 நிமிஷத்துக்கு ஒரு ஜோடி. செல்லுக்குள்ள சில ஜீன் லைட்டு மாதிரி தாளம் தப்பாம எரிஞ்சு அணையுது. ஒரு சுத்து முடிஞ்சா ஒரு ஜோடி வெட்டுப்படும். 1997-ல இந்தக் கடிகாரத்தக் கண்டுபிடிச்சதே கோழிக் கருவுலதான். மனுஷனுக்கு 42-லேருந்து 44 ஜோடி. சோளப் பாம்புக்கு 300-க்கும் மேல! அது வளர்ற வேகத்துக்கு அதோட கடிகாரம் ரொம்ப வேகமா ஓடுது. கயித்தப் பொடிசா நறுக்கினா துண்டு கூடுமில்ல, அந்தக் கணக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். ஒரு கட்டி, ஒரு முள்ளெலும்புன்னுதானே நெனப்போம்? கெடையாது. ஒவ்வொரு கட்டியிலயும் எலும்பாகப் போற பகுதி குறுக்கால ரெண்டாப் பிரியுது. இந்தக் கட்டியோட பின்பாதியும் அடுத்ததோட முன்பாதியும் சேர்ந்துதான் ஒரு முள்ளெலும்பு. தசையாகப் போற பகுதி மட்டும் பிரியாம நிக்குது. அதனால ஒரு கட்டியோட தசை ரெண்டு எலும்புக்கு நடுவுல பாலம் போட்டுடுது. இப்ப நான் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாக்குறேன்ல? ஒவ்வொரு எலும்புக்கும் அதுக்குள்ளயே தசை அடங்கிப்போயிருந்தா, இந்த முதுகு வளைஞ்சிருக்காது.