சொத்து வரித் தளம்: பழைய ரசீதோடு வருகிறவருக்கு வழி எங்கே?

(திரையில்: ஏப்ரல் மாத நாட்காட்டி)

வணக்கம். தமிழ்நாட்டில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரலில் ஒன்று தொடங்கும், அக்டோபரில் இன்னொன்று. தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்த நாட்களில் வரி கட்டும் இணையதளத்தைத் திறப்பவருக்கு வேலை ஒன்றுதான்: எவ்வளவு என்று பார்த்து, கட்டி, ரசீது எடுப்பது.

(திரையில்: நெரிசலான முகப்புப் பக்கம், மாதிரி)

ஒரு முறை பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வரி கட்டித்தர உட்கார்ந்தேன். முகப்பில் ஓடும் அறிவிப்புகள், விழாப் படங்கள், துறைவாரியான பட்டியல். வருவாய்த் துறைக்குள் போய், இணையச் சேவைகளுக்குள் போய், ஒருவழியாக ஒரு பெட்டிக்கு வந்தோம். வரிவிதிப்பு எண் கேட்டது; அதாவது, வரிப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு உள்ள எண். அந்த அம்மாவிடம் இருந்ததோ, இறந்துபோன கணவர் பெயரில் ஒரு பழைய ரசீது. அதிலிருந்த எண்ணைப் போட்டால் 'பதிவு இல்லை' என்று வந்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட இல்லை. "வீடே நம்ம பேர்ல இல்லையாப்பா?" என்று பயந்துவிட்டார்.

தளத்தைப் புதிதாக வடிவமைப்பவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இந்த இடத்தைத்தான். நிறமும் படங்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

(திரையில்: நான்கு துண்டுகளாகப் பிரியும் பில் எண்)

சென்னையை எடுத்துக்கொள்வோம். அங்கே வீட்டைத் தேட உதவும் பில் எண்ணில் நான்கு பகுதிகள்: மண்டலம், வார்டு, பில், துணை எண். 2011-ல் மாநகராட்சி விரிவடைந்து 15 மண்டலம், 200 வார்டு என்று ஆனபோது வார்டு எண்கள் மாறின. பீரோவில் இருக்கும் பழைய ரசீதில் பழைய எண்தானே இருக்கும்? பழையதைப் போட்டாலும் புதியதைக் காட்டுவது தளத்தின் பொறுப்பு. கதவு எண்ணிலும் இதே கதைதான். பல தெருக்களில் ஒரே வாசலில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று எழுதியிருப்பார்கள். இரண்டில் எதைப் போட்டாலும் வீடு கிடைக்க வேண்டும்.

(திரையில்: ஒரே ஒரு தேடல் பெட்டி)

அதனால் முகப்பில் ஒரே ஒரு பெட்டி போதும். எண் தெரிந்தால் எண், தெரியாவிட்டால் தெருவும் கதவு எண்ணும். தெருப் பெயரைத் தமிழிலும் தட்டலாம், ஆங்கிலத்திலும் தட்டலாம். யார் வேண்டுமானாலும் தேடலாம் என்பதால், உரிமையாளர் பெயரில் முதல் சில எழுத்துகளை மட்டும் காட்டினால் நல்லது.

அடுத்த பக்கத்தில் இந்த அரையாண்டுத் தொகை, பழைய பாக்கி தனியாக, ஊக்கத்தொகைக்குக் கடைசி நாள், கட்டுவதற்கான பொத்தான். கடவுச்சொல் எதற்கு? மின்கட்டணத்தைப் போல இதையும் பிள்ளைகளோ பக்கத்து வீட்டாரோ கட்டித்தருவார்கள். பெயர் மாற்றம், புதிய வரிவிதிப்பு எல்லாம் அதன் கீழே வரலாம்.

(திரையில்: சுழன்றுகொண்டே நிற்கும் கைபேசித் திரை)

எல்லோரும் பயப்படுவது இந்த நிமிடத்துக்குத்தான். வங்கியில் பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. அப்போது பக்கம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்." இந்த ஒரு வாக்கியம் இருந்தால் இரண்டு முறை கட்டிவிட்டு அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

(திரையில்: மடிப்பு விழுந்த பழைய ரசீது)

தளத்தைத் திறந்துவைக்கும் முன் வார்டு அலுவலக வரிசையில் நிற்கும் பத்துப் பேரிடம் கைபேசியைக் கொடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் ரசீது எவ்வளவு பழையதானாலும் சரி. பக்கத்தில் நின்று யாரும் சொல்லித்தரக் கூடாது. எந்த இடத்தில் விரல் தயங்கி நிற்கிறதோ, அந்தப் பக்கத்தை மறுபடி வரையுங்கள்.