அந்தச் சிறு கீற்று இருக்கட்டும்

அவைத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய முன்னாள் துணைவேந்தர் அவர்களே, இந்த விழாவுக்காக ஓடியாடி உழைத்த செயலாளர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பதிப்பாளர் அவர்களே, மொழி ஆர்வலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில எழுத்தில் அப்பாஸ்ட்ரபி, அதாவது எழுத்துகளுக்கு இடையே மேலே நிற்கும் அந்தச் சிறு கீற்று (’), இனியும் தேவையா? தேவை என்பதே என் கட்சி. வரலாறு, பொருள், பெயர்ப்பலகை என்று மூன்று பகுதிகளாகப் பேசுகிறேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். ஒரு மாணவரின் கோரிக்கையா, பல மாணவர்களின் கோரிக்கையா? ஆங்கிலத்தில் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணுக்குத்தான் வேறு. அந்தக் கீற்று 'எஸ்' எழுத்துக்கு முன்னால் நின்றால் ஒருவர், பின்னால் நின்றால் பலர்.

சரி, பெயர்ப்பலகைக்கு வருவோம். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயர் நிர்வாகம் 2024-இல் புதிய தெருப் பலகைகளில் அப்பாஸ்ட்ரபி வேண்டாம் என்றது. கணினித் தகவல் தளத்தில் சிக்கலாம்! ஹாரகேட் நகரில் செயின்ட் மேரிஸ் வாக் என்று ஒரு தெரு. புதுப் பலகை வந்தது, கீற்றைக் காணோம். யாரோ ஒருவர் போய் அதைக் கையாலேயே வரைந்துவிட்டார். கூட்டம் இல்லை, கோஷம் இல்லை, ஒரே ஒரு கோடு! மக்கள் முணுமுணுத்தார்கள், செய்தி பரவியது, அதே ஆண்டில் நிர்வாகம் முடிவை மாற்றிக்கொண்டது. லண்டனிலோ அடுத்தடுத்த இரண்டு ரயில் நிலையங்களில் ஏர்ல்ஸ் கோர்ட்டுக்குக் கீற்று உண்டு, பாரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. பார்த்துப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டாமா?

2001-இல் அப்பாஸ்ட்ரபி பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஜான் ரிச்சர்ட்ஸ் யார்? ஓய்வுபெற்ற பத்திரிகையாளர். செய்திப் பிரதிகளைத் திருத்தும் துணையாசிரியராக இருந்தவர். 2019-இல் 96 வயதில், அக்கறை குறைந்துவிட்டது என்று வருந்திச் சங்கத்தை மூடினார். நான் மேடைதோறும் சொல்வது இதைத்தான்: குறி அழிவதற்கு முன்னால் பிழைதிருத்துநர் அழிகிறார். செலவு மிச்சம் என்று முதலில் அவரைத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்புறம் கீற்று எங்கே நிற்கும்? சிறு துரும்பும் பல் குத்த உதவும், ஐயா! அந்தத் துரும்பைக் காப்பவருக்குச் சம்பளம் வேண்டாமா?

வரலாற்றுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பதிப்பாளர் அவர்களிடம் ஒரே கோரிக்கை. உங்கள் அடுத்த நூலிலிருந்து, அட்டை வரைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பிழைதிருத்தியவர் பெயரையும் அச்சிடுங்கள். நன்றி, வணக்கம்.