வந்தவரால் வாழும் வட்டம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பப் எனும் மதுக்கூடங்களில் ஒலிக்கும் பாரம்பரிய இசை, அங்கு வரும் பயணியரால் வாழ்கிறதா, வீழ்கிறதா என்பது இன்றைய தலைப்பு. வாழ்கிறது என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காக வாசித்துக்கொண்ட இசை இன்று வந்தவர்களுக்குக் காட்டும் வேடிக்கையாகிவிட்டது என்றார். மதுக்கடையை நம்பியிருக்கும் கலைக்கு மதிப்பேது என்றும் கேட்டார். நன்றாகவே பேசினார். ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மீது நின்றது. கிராமத்துப் பப்பில் காலங்காலமாக மக்கள் கூடி வாசித்துக்கொண்டிருந்தார்கள், பயணி பின்னால் வந்து அதைக் கெடுத்தான் என்பதே அந்த நம்பிக்கை. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது, நடுவர் அவர்களே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்த இசையின் வீடு பப் அன்று. வீட்டுச் சமையலறையும் நாற்சந்தியுமே அதன் இடங்கள். ஒரு வீட்டில் அடுப்பைச் சுற்றியிருந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, ஒருவர் பிடில் வாசிக்க, மற்றவர்கள் ஆடினார்கள். 1935-இல் பொது நடனக் கூடங்கள் சட்டம் வந்தது. பொது இடத்தில் நடனம் நடத்த நீதிமன்றத்தின் உரிமம் வேண்டும் என்றது அச்சட்டம். வீட்டில் ஆடக்கூடாது என்று அதன் வாசகத்தில் இல்லை. ஆனால் நடனத்தை ஒழுக்கக்கேடாகப் பார்த்த பாதிரியார்களும் காவலர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு நடனங்களையும் மிரட்டி நிறுத்திய ஊர்கள் பல. சமையலறை ஓய்ந்தது. நடனம் உரிமம் பெற்ற கூடத்துக்குப் போனது, அங்கே பெரிய வாத்தியக்குழுக்கள் வந்தன, தனியாக அமர்ந்து வாசித்த பிடில்காரருக்கு இடமில்லாமல் போயிற்று.

அவர் எங்கே போனார்? பலர் கப்பலேறினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி லண்டனுக்குச் சென்ற ஐரிஷ் தொழிலாளர்கள், பகலில் கட்டடப் பணியும் சாலைப் பணியும் செய்துவிட்டு, வாடகை அறையில் பிடிலை எடுத்தால் வீட்டுக்காரரின் கோபத்துக்கு ஆளாக வேண்டும் என்ற நிலையில், கேம்டன், கென்டிஷ் டவுன் பகுதிப் பப்களின் மூலை மேசைகளில் கூடினார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, ஆட்டக்காரரும் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும் 'செஷன்' என்ற வடிவம் வேரூன்றி வளர்ந்தது பெரிதும் அங்கேதான். மேற்குக் கரையின் கிளேர் மாவட்டத்திலுள்ள மில்டவுன் மால்பேயில் பிறந்த வில்லி கிளான்சி, இல்லன் பைப்ஸ் எனும் துருத்திக்குழலின் மாபெரும் கலைஞர், தொழிலால் தச்சர். அவரும் லண்டனில் சில காலம் வாழ்ந்து வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர்தான். 1951-இல் மல்லிங்கர் நகரில் தொடங்கிய ஃப்ளா கியோல் இசைவிழா ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்றபோது, விழாவுக்கு வந்த வெளியூர்க் கலைஞர்கள் கிடைத்த பப்களில் எல்லாம் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த வழக்கம் விழா முடிந்த பின்னும் ஊர்களில் தங்கிவிட்டது.

ஆகவே எதிரணி 'தூய பழமை' என்று கண்ணீர் விடும் அந்தப் பப் இசை, ஊரைவிட்டுப் போனவரும் ஊருக்கு வந்தவரும் சேர்ந்து உண்டாக்கியது. பயணத்தால் பிறந்த பிள்ளையைப் பயணி கெடுத்தான் என்று வழக்குத் தொடுப்பது என்ன நியாயம்?

இனி டூலினுக்கு வருவோம். அதே கிளேர் மாவட்டத்தில், மோஹர் எனும் கடலோரச் செங்குத்துப் பாறைகளுக்கு அருகே, சில நூறு பேர் வாழும் சிற்றூர் அது. அங்கே மைக்கோ ரஸ்ஸல் என்றொரு விவசாயி இருந்தார். 1973-இல் அகில அயர்லாந்து டின் விசில் எனும் தகரக் குழல் போட்டியில் வென்றவர். அவருடைய சகோதரர்கள் பாக்கியும் கஸ்ஸியும் இசைக்கலைஞர்களே. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் முதுகுப்பையோடு, வழியில் போகும் வண்டிகளில் இடம் கேட்டு வந்த ஐரோப்பிய இளைஞர்கள் ஓ'கானர் பப்பில் இந்தச் சகோதரர்களைக் கேட்பதற்காகவே டூலினைத் தேடினார்கள். பின்னர் மைக்கோவே ஜெர்மனி வரை சென்று வாசித்தார். அவர் 1994-இல் மறைந்தார். இன்றும் பிப்ரவரி இறுதியில், சுற்றுலாப் பருவம் தலைகாட்டாத குளிரில், ரஸ்ஸல் குடும்பத்தின் நினைவாக அங்கே இசைக்கூடல் நடக்கிறது. பயணி அந்தக் கலையை அழித்திருந்தால் அந்த நினைவு எஞ்சியிருக்குமா?

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்; கலையைப் பற்றிப் பேசும் மேடைகளில் அதைச் சொல்ல ஏனோ எல்லோரும் கூச்சப்படுகிறோம். செஷனுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பப் நடத்துபவர் இரண்டு மூன்று கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்து உட்காரவைக்கிறார். அவர்களை நம்பி மற்றவர்கள் ஊதியமின்றி வந்து சேர்கிறார்கள். அந்த ஊதியம் கல்லாவிலிருந்துதான் வர வேண்டும். 2011-இல் அயர்லாந்து, வாகனம் ஓட்டுவோருக்கான மது வரம்பை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்தது. மிக நல்ல சட்டம், அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் பேருந்து இல்லாத நாட்டுப்புறத்தில், மூன்று மைல் தள்ளியிருக்கும் பண்ணையிலிருந்து காரில் வந்து இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத் திரும்பிய உள்ளூர்க்காரர் வீட்டோடு இருந்துவிட்டார். அந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்? பக்கத்து விடுதியில் அறை எடுத்து, நடந்தே வந்து, நடந்தே திரும்பும் பயணி! அவர் வாங்கும் கிளாஸில்தான் பிடில்காரரின் ஊதியம் இருக்கிறது.

பயணி கேட்டுவிட்டுப் போகிறவர் மட்டுமா? வில்லி கிளான்சி 1973 சனவரியில் மறைந்தார். அந்த ஆண்டே அவர் பெயரில் மில்டவுன் மால்பேயில் கோடைகால இசைப்பள்ளி தொடங்கியது. ஒவ்வொரு சூலையிலும் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் பிடிலையும் கான்செர்டினா எனும் சிறு துருத்திப் பெட்டியையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். காலையில் வகுப்பு, மாலையிலிருந்து பப்களில் வாசிப்பு. மூத்த கலைஞரின் எதிரில் உட்கார்ந்து, அவர் மெட்டை எந்த இடத்தில் வளைக்கிறார் என்று காதால் பிடித்துக்கொள்ளும் அந்த மாலைதான் உண்மையான வகுப்பு என்பேன். ஒரு காலத்தில் அழிந்துவிடுமோ என்று அஞ்சப்பட்ட இல்லன் பைப்ஸ் வாசிப்பை 2017-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அயர்லாந்துக்கு வெளியே வாசிப்போரும் அந்த மறுவாழ்வில் பங்குபெற்றவர்களே.

தலைநகர் டப்ளினில் பயணியர் மொய்க்கும் டெம்பிள் பார் பகுதியைக் காட்டி எதிரணி நகைத்தது. அங்கே ஒலிபெருக்கி அலறுகிறது, விலை கண்ணைக் கட்டுகிறது. ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அது பிடிக்காது. ஆனால் தலைப்பு மேற்குக் கரையைப் பற்றியது. தலைநகரைத்தான் பேச வேண்டுமென்றால் ஸ்மித்ஃபீல்டின் காபிள்ஸ்டோன் பப்பையும் சேர்த்துப் பேசுங்கள். 2021-இல் அதைச் சுற்றியும் அதன் மேலும் பெரிய ஹோட்டல் கட்ட விண்ணப்பம் வந்தபோது, கலைஞர்கள் இசைக்கருவிகளோடு ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் டப்ளின் மாநகராட்சி அனுமதி மறுத்தது. ஹோட்டல் பயணிக்குத்தானே என்று எதிரணி கேட்கலாம். கூர்மையான கேள்விதான். ஆனால் பயணி கேட்க வருவது அந்த இசையை. அந்த இசையின் இடத்தை நெருக்கி அறை கட்ட நினைத்தது நிலத்தின் விலை. குற்றவாளியை மாற்றிப் பிடிக்கக் கூடாது.

மதுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பதினைந்து வயதுக்குட்பட்டோர் பெற்றோருடன் இரவு 9 மணி வரை, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி வரை, பப்பில் இருக்கலாம் என்கிறது அந்நாட்டுச் சட்டம். பன்னிரண்டு வயதுப் பெண் தந்தைக்கு அருகில் ஃபிளூட்டோடு உட்காரும் இடத்தை வெறும் சாராயக்கடை என்று ஒதுக்குவது, அங்கே நடப்பதைப் பார்க்க மறுப்பதாகும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். பயணியர் எவரும் வராத கிளேர் மாவட்டத்துப் பப் ஒன்றில், குளிர்காலச் செவ்வாய்க்கிழமை இரவில், அந்த மூன்று கலைஞர்களுக்கு யார் ஊதியம் கொடுப்பார்கள், அவர்களின் மெட்டுகளை யார் வந்து கற்றுக்கொள்வார்கள்? அந்த விடையைக் கேட்ட பிறகு தீர்ப்பு வழங்குமாறு நடுவரை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.