ஓடைக்கு இரு கரை, ஊர் ஒன்று

அன்பார்ந்த நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தபோது, கோட்டையும் திராட்சைத் தோட்டமுமாக அந்த நாட்டில் அழகிய ஊர்கள் எத்தனையோ இருக்க, ஏறத்தாழ ஐம்பது பேர் மட்டுமே குடியிருக்கும் மோட்லராய்ட் என்னும் ஊரையே நான் தேர்ந்துகொண்டேன். எதிர்வீட்டாருக்குக் கையசைப்பதுகூடக் குற்றம் என்று ஒருகாலத்தில் ஆக்கப்பட்டிருந்த ஊர் அது.

பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்றொரு நகரம் இருக்கிறது. குளிர்காலம் சீக்கிரம் வந்து தாமதமாகப் போகும் பகுதி என்பதால், 'பவேரியாவின் சைபீரியா' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அந்த நகரத்துக்கு வடக்கே, புல்வெளிகளும் ஊசியிலைக் காடுகளும் மாறி மாறி வரும் மேட்டு நிலத்தில், ஒரு பள்ளத்தை ஒட்டி அமைந்திருக்கிறது மோட்லராய்ட். ஊர்ப்பெயரின் இறுதியில் வரும் 'ராய்ட்' என்பதற்குக் காடு திருத்திய இடம் என்று பொருள். பைராய்ட் முதலிய பல ஊர்ப்பெயர்கள் இந்த வகையில் அமைந்தவையே. ஊரின் நடுவே டான்பாக் என்ற ஓடை ஓடுகிறது. ஓடை என்றுதான் சொல்ல வேண்டும், ஆறு என்று சொன்னால் மிகையாகிவிடும். சில இடங்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளாமலே ஒரே எட்டில் தாண்டிவிடலாம்.

அந்த ஓடைக்கரையில் ஓர் எல்லைக்கல்லின் முன் நெடுநேரம் நின்றேன். முழங்கால் உயரம்கூட இராது. பாசி படிந்த அதன் ஒரு முகத்தில் பவேரிய அரசைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், மறுமுகத்தில் ராய்ஸ் சிற்றரசைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் வெட்டப்பட்டிருந்தன. இத்தகைய கற்கள் 1810ஆம் ஆண்டில் நடப்பட்டவை. அன்று முதல் ஊரின் ஒரு பாதி ஓர் அரசருக்கும், மறுபாதி வேறோர் அரசருக்கும் வரி செலுத்தியது. ஆயினும் ஊர் ஒன்றாகவே இருந்தது. பள்ளிக்கூடமும் மதுக்கூடமும் கிழக்குக் கரையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு இரு கரையினரும் பவேரியப் பக்கத்தில் உள்ள டோப்பன் ஊர்த் தேவாலயத்துக்குச் சென்றனர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓடையைப் பார்த்து நடக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் மன்னர்கள் போய்விட்டார்கள். மேற்குக் கரை பவேரியாவிலும், கிழக்குக் கரை 1920இல் உருவான துரிங்கியா மாநிலத்திலும் சேர்ந்தன. அப்போதும் அந்தக் கல் யாரையும் தடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பவேரியா அமெரிக்கர்களின் பொறுப்பிலும், துரிங்கியா சோவியத்தின் பொறுப்பிலும் வந்தன. 1949இல் இரண்டு ஜெர்மனிகள் தோன்றியபோது, எருமைகூடத் தயங்காமல் இறங்கிக் கடக்கும் அந்த ஓடை இரண்டு நாடுகளின் எல்லையாகிவிட்டது. முதலில் அனுமதிச் சீட்டைக் காட்டிக் கடந்துவந்தார்கள். 1952 மே மாதம் அதுவும் நின்றது. கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையோரமாகப் பத்து மீட்டர் அகலத்துக்கு நிலத்தை உழுது வெறுமையாக்கியது. அதற்குப் பின் 500 மீட்டர் வரை பாதுகாப்புப் பட்டை, ஐந்து கிலோமீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அடுத்த மாதமே, நம்பத் தகாதவர்கள் என்று அதிகாரிகள் கருதிய ஆயிரக்கணக்கான மக்கள் எல்லை நெடுகிலும் வீடுவாசலை விட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்த நடவடிக்கைக்குத் துரிங்கியாவில் வழங்கிய பெயர் 'ஊன்கெட்சீஃபர்'. ஒழித்துக்கட்ட வேண்டிய பூச்சி புழுக்களைக் குறிக்கும் சொல் அது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை உழுதவர்களுக்கு அரசாங்கம் இட்ட பெயர் அது என்பதை எண்ணும்போது இன்றும் என் மனம் கொதிக்கிறது.

ஊருக்குள் முதலில் ஆளுயரப் பலகைவேலி எழுந்தது. பிறகு முள்கம்பி வந்தது. 1966இல் ஏறத்தாழ 700 மீட்டர் நீளத்துக்கு, 3.3 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் சுவரே எழுந்துவிட்டது. பெர்லின் நகரத்தைப் போலவே இந்தக் குக்கிராமமும் சுவரால் பிளவுண்டதால், அமெரிக்கப் படைவீரர்கள் இதனைக் 'குட்டி பெர்லின்' என்று அழைத்தார்கள். மேற்குக் கரையில் நிற்பவர் சுவருக்கு அப்பால் தெரியும் மாடிச் சன்னலை நோக்கிக் கையை உயர்த்தலாம். ஆனால் கிழக்குக் கரையில் இருப்பவர் பதிலுக்குக் கையசைக்கவோ வணக்கம் சொல்லவோ கூடாது. அத்தையும் மருமகனும் ஆனாலும் அதுதான் விதி. மேற்கிலிருந்து பேருந்துகளில் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர். 1983 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் வந்தார். கிழக்குக் கரைக்கோ அனுமதிச் சீட்டு இல்லாமல் உறவினர்கூட வர முடியாது. அந்தச் சுவரைத் தாண்டித் தப்பியவர் ஒரே ஒருவர்தான். 1973 மே மாதத்தில், தடைப்பகுதிக்குள் வர அனுமதி பெற்றிருந்த ஓர் ஓட்டுநர் தம் வேனைச் சுவரோரமாக நிறுத்தி, அதன் கூரைமேல் ஏணியை வைத்து ஏறி மறுபக்கம் குதித்தார்.

பெர்லின் சுவர் திறந்து ஒரு மாதம் ஆன பிறகே, 1989 டிசம்பர் 9 அன்று, மோட்லராய்ட் சுவரில் நடந்து செல்வதற்கு ஒரு வழி திறக்கப்பட்டது. ஓடையின் அக்கரைக்குப் போக அந்த மக்கள் முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1990 ஜூன் 17 அன்று மண்வாரி இயந்திரம் வந்து சுவரை இடித்தது. முழுவதையும் இடித்துவிடாமல் ஏறத்தாழ நூறு மீட்டர் சுவரையும், ஒரு காவல் கோபுரத்தையும் விட்டுவைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் முன் பிறந்து வளர்ந்தவர்களே அதில் ஒரு துண்டைக் காத்து வைக்க இசைந்ததைப் பெரிய மனம் என்றே நான் கருதுகிறேன்.

ஓடை இன்றும் எல்லைதான், மாநில எல்லை. ஐம்பது பேருக்கு இரண்டு அஞ்சல் குறியீடுகள், இரண்டு தொலைபேசிக் குறியீடுகள், வண்டிகளில் இரண்டு வகை எண் பலகைகள். அக்டோபர் 31 அன்று புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் சீர்திருத்தத் திருநாளுக்காகத் துரிங்கியக் கரைக்கு விடுமுறை, பவேரியக் கரைக்கு வேலைநாள். மறுநாள் புனிதர் அனைவர் திருநாளுக்குப் பவேரியக் கரை ஓய்வெடுக்க, துரிங்கியக் கரை வேலைக்குப் போகிறது. வணக்கம் சொல்வதிலும் வேறுபாடு உண்டு. மேற்குக் கரையில் 'க்ரூஸ் காட்' என்பார்கள், கடவுள் உம்மை வாழ்த்துவாராக என்ற பொருளில். கிழக்குக் கரையில் 'கூட்டன் டாக்' என்பார்கள், நல்ல நாள் என்ற பொருளில். நான் அங்கிருந்த அன்று காலை, ஓடையின் இரு பக்கமும் நின்ற இருவர் இந்த இரண்டு சொற்களையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். கையையும் உயர்த்தினார்கள்.

வணக்கம், நேயர்களே.