நிழலைப் பார்த்துப் புறப்படுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற பேச்சு எழுந்தால் நாம் இடங்களின் பெயர்களை அடுக்குகிறோமே தவிர, எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்பதை வீட்டைப் பூட்டிய பிறகுதான் யோசிக்கிறோம். முப்பது ஆண்டுகளாகச் சென்னை வெயிலில் குடும்பத்தோடு அலைந்தவள் நான். இந்த ஊரில் ஒரு நாள் உலா நன்றாக அமைவதும் கெடுவதும் இடத்தைவிட நிழலையும் காற்றையும் பொறுத்தது என்பதே என் அனுபவம்.

முதலில் காற்று. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. சூடேறிய காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. வழக்கமான கோடை நாளில் நண்பகலை ஒட்டி வந்துவிடும் இந்தக் கடற்காற்று, மேற்கிலிருந்து அனல்காற்று வலுத்து வீசினால் தயங்கி, பிற்பகல் வெகுநேரம் கழித்தே கரையேறும். அத்தகைய நாள்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இதை அறிய எனக்கு வானிலை அறிக்கை வேண்டாம், மாடிக் கொடியில் காயும் புடவை போதும். அது கிழக்கு நோக்கிப் பறந்துகொண்டிருக்கும்வரை நான் யாரையும் வெளியே விடமாட்டேன். திரும்பி மேற்கே பறக்கத் தொடங்கினால் கடற்காற்று வந்துவிட்டது என்று பொருள்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது மாமல்லபுரத்தில். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த ஒரு கத்திரி வெயில் நாளில், இட்லியும் புளியோதரையும் கட்டி முடிப்பதற்குள்ளேயே பொழுது ஏறிவிட, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. என் கணவர் வரிசைப்படி ஐந்து ரதங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்த இளையவன் சுடுமணலில் குதித்துக் குதித்து அழுதான். கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டுதான் பீமனையும் அர்ச்சுனனையும் பார்த்தோம், அதாவது பார்த்ததாகப் பெயர்.

அங்கிருந்து கிருஷ்ண மண்டபத்துக்கு வந்தோம். பல்லவர் காலத்துப் பாறைச் சிற்பத்துக்கு முன்னால் பிற்காலத்தில், விஜயநகர ஆட்சியில், எழுப்பப்பட்ட தூண் மண்டபம் அது. என் மாமியார் உள்ளே நுழைந்து ஒரு தூணில் சாய்ந்து அமர்ந்தவர், "நீங்க போயிட்டு வாங்க, நான் இந்தப் பசுவைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடிக்க, அதன் கீழே ஆயர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்கும் காட்சி அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. மாட்டோடு வளர்ந்தவரான என் மாமியார், கன்றை நக்கும்போதுதான் பசு பாலை இறக்கும் என்பது இந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது என்று வியந்து, பேரப்பிள்ளைகளை மடியருகே இருத்தி அதையே ஒரு மணி நேரம் விளக்கினார். மழைக்கு ஒதுங்கியவர்களுக்கு எதிரே வெயிலுக்கு ஒதுங்கியவர்களாக நாங்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தோம்.

மூன்று மணிக்கு மேல்தான் எழுந்தோம். பக்கத்திலுள்ள அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது. ஆகவே பிற்பகலில் வெயில் அதன் முதுகுக்குப் போய்விட, சிற்பங்கள் நிழலுக்கு வந்திருந்தன. முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். காலையில் கண் கூச அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு மனம் தாளாது. திரும்பவும் சொல்கிறேன், இடம் அதேதான், நேரம்தான் வேறு.

நகருக்குள் வந்தால், சென்னையின் பழைய குடிகள் விலங்குக் காட்சிசாலையை உயிர்காலேஜ் என்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்தகாலேஜ் என்றும் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், 1851இல் தோன்றிய செத்தகாலேஜின் வளாகத்தில்தான் 1855இல் உயிர்காலேஜ் பிறந்தது. பிறகு சென்ட்ரல் பக்கம் போய், 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. வண்டலூர் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் கடற்காற்று அங்கே தாமதமாகத்தான் எட்டும், நடையும் அதிகம். எனவே கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். எழும்பூரின் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் உச்சிவெயில் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூருக்குச் செவ்வாயும் எழும்பூருக்கு வெள்ளியும் விடுமுறை. பூட்டிய கதவின் முன் பிள்ளைகளோடு நிற்கும் வெயில்தான் எல்லாவற்றிலும் கொடியது.

மெரினாவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஆகவே சுருக்கமாக: மணல் ஆறுவதற்கு முன் போகாதீர்கள், அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுண்டலுக்குச் சில்லறை வைத்திருங்கள். வேடந்தாங்கலைக் கோடையில் சேர்க்க வேண்டாம். பறவைகளைக் காண நவம்பருக்குப் பிறகு போகலாம். வணக்கம்.