ஜன்னல் கம்பி நிழல் ஏன் மங்கலா விழுது?

அடுத்த கேள்வி. "ஷூட்டிங்ல ஜன்னல் வழியா வெயில் விழுற மாதிரி காட்ட, அட்டையில ஜன்னல் கம்பி மாதிரி வெட்டி சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டுக்கு மாட்டுற துணிப்பெட்டி) முன்னாடி வெச்சேன். சுவத்துல கம்பியே தெரியல. இன்னும் பவரான லைட் வாங்கணுமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டிருக்காரு.

வாங்காதீங்க. பவர் கூடினா வெளிச்சம் கூடும், நிழல் தெளிவாகாது. லைட் முகத்தோட அகலத்தை, அட்டைக்கும் சுவத்துக்கும் உள்ள தூரத்தால பெருக்கி, லைட்டுக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தால வகுங்க. நிழல் ஓரத்துல அவ்வளவு அகலத்துக்கு மங்கல் இருக்கும். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், 1 மீட்டர்ல அட்டை, அங்கேருந்து 1 மீட்டர்ல சுவர்னா, மங்கலே 60 செ.மீ. வந்துடும். 3 செ.மீ. கம்பி அதுல எங்க தெரியும்?

சாஃப்ட்பாக்ஸ், ரிஃப்ளெக்டர் (லைட்டைச் சுத்தி மாட்டுற பளபளப்பான கிண்ணம்) ரெண்டையும் கழட்டிடுங்க. சிஓபி லைட்டோட (எல்லா எல்இடியும் ஒரே சின்ன சிப்புல நெருக்கமா இருக்கிற லைட்) வெறும் சிப் ஒரு 3 செ.மீ.ன்னு வெச்சுக்குவோம். அதை அட்டையிலேருந்து 3 மீட்டர் தள்ளி வெச்சா மங்கல் 1 செ.மீ.தான். நிஜ வெயில்லயும் 1 மீட்டர் தள்ளி விழுற நிழலுக்குக் கிட்டத்தட்ட இதே மங்கல்தான், அதனாலதான் பார்க்க இயல்பா இருக்கும். அட்டையில 3 செ.மீ. கம்பி சுவத்துல 4 செ.மீ.யா விழும், அதைக் கணக்குல வெச்சு வெட்டுங்க. லைட்டுக்கும் சுவத்துக்கும் உள்ள தூரம் 2 மீட்டர்லேருந்து 4 ஆனதால வெளிச்சம் கால் பங்காயிடும். அதுக்குக் கேமராவுல ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400ஐ 1600 ஆக்கினாலே போதும். ரிஃப்ளெக்டர் இல்லாததாலயும் கொஞ்சம் குறையும், அதையும் பார்த்துக்கோங்க.

நிறைய பல்பு வெச்ச எல்இடி பேனல் இதுக்கு ஆகாது. பல்புக்குப் பல்பு தனித்தனி நிழல் விழுந்து கம்பியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். ஃப்ரெனல் (முன்னாடி வளையம் வளையமா லென்ஸ் இருக்கிற லைட்) இருந்தா ஃப்ளட்ல (வெளிச்சம் அகலமா பரவுற நிலை) வைங்க, ஸ்பாட்ல (குவிஞ்சு விழுற நிலை) இல்ல. பலர் இதைத் தலைகீழா நினைச்சுக்கிறாங்க. ஃப்ளட்லதான் ஓரம் கூர்மையா வரும்.

நிழல் கூர்மையா வந்தும் கருப்பா இல்லையா? வெறும் சிப் நாலாபக்கமும் அடிக்கும், வெள்ளைச் சுவர்ல பட்டுத் திரும்பி நிழலுக்குள்ளயே வந்து விழும். லைட்டுக்கு ரெண்டு பக்கமும் கட்டர் (வெளிச்சத்தை மறைக்கிற கருப்புத் தடுப்பு) போடுங்க, எதிர்ச்சுவர்ல கருப்புத் துணி கட்டுங்க, ட்யூப்லைட்டை அணைச்சிடுங்க. டங்ஸ்டன் லைட்டுன்னா (இழை சூடாகி எரியுற பல்பு) பக்கத்துல அட்டையே வைக்காதீங்க, தீப்பிடிக்கும். கருப்பு அலுமினிய ஃபாயில்ல வெட்டிக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிற மாதிரி வேணும்னா, லைட்டுலேருந்து ஒன்றரை மீட்டர்ல ஒரு கிளையை ஸ்டாண்ட்ல கட்டுங்க. அதுக்கு மங்கல் 5 செ.மீ. வரும். இலை மங்கலாவும் கம்பி தெளிவாவும் விழும். ஷாட் ஓடும்போது கிளையை லேசா ஆட்ட ஒரு ஆள் போதும். ஸ்டாண்டு காலுல மணல் மூட்டை போட மறந்துடாதீங்க.