கிரேக்க நாடகத்தை வளர்த்தது ஊர்தான்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பழங்கால கிரேக்க நாடகத்தை வளர்த்தது கவிஞர்களின் திறமையா, ஏதென்ஸ் மக்களா? இதுதான் தலைப்பு. மக்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "நாடகக் கவிஞர் எஸ்கிலஸ் மேடைக்கு இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தார், இன்னொரு கவிஞர் சோபக்கிளிஸ் மூன்றாவது நடிகரைக் கொண்டுவந்தார்" என்றார். சரி, அரிஸ்டாட்டிலே அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நடிகர்களுக்குக் கூலி கொடுத்தது யார்? அரசு. ஆடிப் பாடும் குழுவின் பயிற்சிக்கும் உடைக்கும் ஆன செலவு? அதை ஊரில் வசதியுள்ள ஒருவர் ஏற்க வேண்டும். 'கொரேகோஸ்' என்று அவருக்குப் பெயர். கி.மு. 472-இல் எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்துக்கு அப்படிச் செலவு செய்தவர், பின்னாளில் ஏதென்ஸையே வழிநடத்திய பெரிக்கிளிஸ். அப்போது அவர் இளைஞர்.

பணத்தை விடுங்கள். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் நடந்த மதுக் கடவுள் டயோனிசஸின் விழாவில் நாடகத்தோடு குழுப்பாட்டுப் போட்டியும் உண்டு. ஏதென்ஸ் மக்களை 10 பிரிவாகப் பிரித்திருந்தார்கள். பிரிவுக்கு 50 ஆண்கள், 50 சிறுவர்கள். கூட்டிப் பாருங்கள், 1,000 பேர்! அத்தனை பேரும் ஊர்க்காரர்கள், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து வட்டமாக ஆடிப் பாடியவர்கள். போட்டி முடிந்ததும் அவர்களே நாடகம் பார்க்க உட்காருவார்கள். தாளம் பிசகினால் தெரியாதா அவர்களுக்கு? சோபக்கிளிஸை உயரத்துக்குத் துரத்தியது அந்தக் காதுகள்தான்.

"அதே மக்கள்தானே கவிஞர் ஃபிரினிக்கஸுக்கு அபராதம் போட்டார்கள்?" என்றும் தோழி கேட்டார். நல்ல கேள்வி. கி.மு. 494-இல் மிலேட்டஸ் நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. ஏதென்ஸுக்கு அது உறவு நகரம். அந்த வீழ்ச்சியை ஃபிரினிக்கஸ் மேடையேற்றியதும் அரங்கமே அழுதுவிட்டது. சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்று 1,000 டிராக்மா அபராதம். அந்த நாடகத்துக்கும் தடை. கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தண்டனை நியாயம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் மேடையில் நடப்பதைத் தங்கள் வீட்டு இழவாக எண்ணி அழுத கூட்டம் அது. நாடகத்தை வெறும் பொழுதுபோக்காக நினைத்தவர்கள் அப்படி அழவும் மாட்டார்கள், கோபப்படவும் மாட்டார்கள்.

அப்புறம் அதே மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கி.மு. 480-இல் பாரசீகப் படை ஏதென்ஸைக் கொளுத்தியது. அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் பாரசீகர் தோற்றார்கள். நான் முன்பு சொன்ன 'பாரசீகர்கள்' நாடகம் அந்தத் தோல்வியைப் பற்றியதுதான். ஆனால் கதை நடப்பது எதிரியின் தலைநகரில். தோல்விச் செய்தி கேட்டு மன்னனின் தாய் கலங்குகிறாள், முதியவர்கள் புலம்புகிறார்கள். ஊர் எரிந்து எட்டே ஆண்டுகள்! கொளுத்தியவன் வீட்டு ஒப்பாரியை ஏதென்ஸ் மக்கள் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்கள். குடிமக்களிலிருந்து குலுக்கலில் எடுத்த நடுவர்கள் எஸ்கிலஸுக்கே முதல் பரிசும் கொடுத்தார்கள்.

அந்த மனசை எந்தக் கவிஞர் எழுதிக் கொடுத்தார்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி.